விலாசம் இல்லாத வியாதிஸ்தர்



சென்ற ஞாயிறன்று பூசை முடிந்தபின் நம் குடும்பத் தலைவர்கள் சிலர் என்னிடம் வந்து ஒரு விண்ணப்பம் செய்தார்கள். கோவில் முகப்பில் இரவுதோறும் ஒருவர் வந்து படுக்கிறார், விடியும்வரை இருமுகிறார், ஞானோபதேச வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் அந்த வழியாகவே போகவேண்டியிருக்கிறது, ஆகையால் அவரை வேறிடம் போகச் சொல்லவேண்டும் என்பதே விண்ணப்பம்.

இதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையைப் பெற்றவர் பிள்ளைக்காகப் பயப்படுவது இயற்கை. ஆனால் பயம் வந்தபோது முதலில் செய்யவேண்டியது, எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்துகொள்வது. ஆகவே இந்த வாரம் வழக்கமான பாடத்தை நிறுத்திவைத்து, காசநோயைப் பற்றியும், வீடு வாசல் இல்லாதவருக்கு அந்த நோய் வந்தால் நாம் செய்யக்கூடியதைப் பற்றியும் எழுதுகிறேன். முகப்பில் படுப்பவருக்கு என்ன வியாதி என்று நான் எழுதப்போவதில்லை. அது அவருக்கும் அவருடைய வைத்தியருக்கும் உரிய காரியம். இருமல் எல்லாம் காசமும் அல்ல.

1. இது எப்படிப்பட்ட நோய்?

நம் பாட்டிமார் இதை எலும்புருக்கி என்றார்கள். க்ஷயம் என்றும் சொல்லுவதுண்டு. குடும்பச் சாபம், பாவத்தின் தண்டனை, பரம்பரை தோஷம் என்று பலர் நம்பியதும் உண்டு. 1882-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி ஜெர்மனி தேசத்து வைத்தியர் ராபர்ட் காக் என்பவர், இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி என்று பெர்லின் நகரில் எடுத்துக்காட்டினார். அந்தத் தேதியைத்தான் இன்றும் உலகக் காசநோய் நாளாக நினைவுகூருகிறார்கள்.

நுரையீரலில் காசமுள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. அடைத்த அறையில் பல நாள் அந்தக் காற்றையே சுவாசிப்பவருக்கு அது தொற்றக்கூடும். அவர் சாப்பிட்ட தட்டினாலும், உடுத்த துணியினாலும், கையைத் தொடுவதனாலும் தொற்றுவதில்லை. காற்றோட்டமும் சூரிய வெளிச்சமும் இந்தக் கிருமிக்கு விரோதிகள். எனவே திறந்த முகப்பில் படுத்திருப்பவரைக் கடந்து செல்லும் பிள்ளைக்கு உள்ள ஆபத்து மிகக் குறைவு. வீட்டுக்குள்ளேயே வைத்தியம் பார்க்காமல் ஒளித்துவைத்த இருமலுக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை இந்த நோயின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதிக்கவேண்டும். அதற்குக் காசு இல்லை. இப்போதுள்ள இயந்திரங்கள் சில மணி நேரத்தில் நோய் உண்டா இல்லையா என்று காட்டுவதோடு, முக்கியமான மருந்தொன்று அந்தக் கிருமியிடம் பலிக்குமா என்பதையும் சொல்லிவிடுகின்றன. சாதாரணக் காசத்துக்கு ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். இவையும் இலவசம்.

அப்படியிருந்தும் 2023-ம் ஆண்டில் உலகத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர் இந்நோயில் விழுந்தார்கள். பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர் இறந்தார்கள். நோயில் விழுந்த நால்வரில் ஒருவர் நம் தேசத்தவர். மருந்து இருந்தும் இத்தனை சாவு ஏன்? இன்றைய பாடம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

2. மலைக்காற்றும் மருந்தும்

நம் சேர்வராயன் மலைக்குக் காற்று மாற வந்தவர்கள் எத்தனை பேர்! 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பி பயிரிட வழிசெய்த காலம் முதல், இந்த மலையின் காற்றே மருந்து என்று கீழ்நாட்டார் சொல்லிவந்தார்கள். காசத்துக்கு மருந்து இல்லாத அந்நாளில் உலகமெங்கும் வைத்தியர்கள் நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு என்ற மூன்றையே நம்பினார்கள். அதற்காகவே சானடோரியங்கள் எழுந்தன. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928-ல் சானடோரியம் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து என்னும் தமிழர். 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றது. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தை ஜனங்கள் இன்றும் சானடோரியம் என்றே அழைக்கிறார்கள்.

நாம் அன்போடு வணங்கும் அர்ச். சிறுமலர் தெரேசம்மாள் 1897-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி இந்த நோயினால்தான் மரித்தாள். வயது இருபத்துநான்கு. கிருமியைக் கண்டுபிடித்து அப்போது பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது; கிருமியைக் கொல்லும் மருந்து வர இன்னும் ஐம்பது ஆண்டு கிடந்தது. அவளுக்குப் படுக்கை இருந்தது. தலைமாட்டில் சொந்த அக்காள்மாரே கன்னியராய் இருந்து பணிவிடை செய்தார்கள். மருந்து மட்டும் இல்லை. நம் மலையில் கடைத்திண்ணையில் படுத்து இருமுகிறவனுக்கு மருந்து இருக்கிறது; மற்ற ஒன்றும் இல்லை.

3. சென்னையில் கண்ட உண்மை

1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் நல்ல மருந்துகள் வந்தன. ஆனால் அத்தனை நோயாளிகளுக்கும் சானடோரியம் கட்ட எந்த அரசாங்கத்தாலும் இயலாது. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா? இதை அறிய 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை அமைத்தன. இப்பொழுது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே.

அங்கே இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளை, குலுக்கல் முறையில் இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியாருக்குச் சானடோரியத்தில் ஓராண்டு மருந்து, நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றப் பகுதியார் சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் தங்கள் சொந்த வீட்டில் இருந்துகொண்டே அதே மருந்தை ஓராண்டு சாப்பிட்டார்கள். இவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. 1959-ல் முடிவு வெளிவந்தது. இரு பகுதியாருக்கும் ஏறக்குறைய ஒரே பலன். ஐந்தாண்டு கவனித்துப் பார்த்ததில், வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, மற்றவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடுவதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி பெரிய காரணமாயிற்று.

இதிலிருந்து நாம் கற்பது யாது? நோயைக் குணமாக்குவது தவறாமல் சாப்பிடும் மருந்து. மலைக்காற்று அதன் இடத்தை நிரப்பாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆராய்ச்சிக்கு "வீட்டு வைத்தியம்" என்று பேர். குடிசையானாலும் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்க நிலையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் அந்த வீட்டுக்குப் போனார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். போய்ப் பார்க்க ஒரு கதவு இருந்ததனால் பார்த்தார்கள். கதவே இல்லாதவனை எங்கே போய்ப் பார்ப்பது?

4. என் குற்றம்

இதை எழுதுமுன் நான் உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், மூடிக்கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒருவர் படுத்திருந்தார். காப்பிப் பழம் பறிக்க வந்தவர். இருமலினால் வேலை போய்விட்டது. நான் அவருக்கு ஒரு கம்பளியும் சேலத்துக்கு பஸ் சத்தமும் கொடுத்து, கீழே போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். அன்றிரவு மனத்திருப்தியோடு படுத்தேன். அவர் கீழே போனார், காசம் என்று கண்டார்கள், மருந்தும் கொடுத்தார்கள். நான் அவரை மறந்தேன்.

இரண்டு மாதம் சென்று, பங்கு இல்லத்துத் தொலைபேசியில் ஒரு பெண் பேசினாள். சுகாதார ஊழியர். "சுவாமி, இந்தப் பெயருடையவர் உங்கள் கோவிலைத்தான் விலாசமாகக் கொடுத்திருக்கிறார். பதினைந்து நாளாக மாத்திரை வாங்க வரவில்லை. அங்கே இருக்கிறாரா?" என்று கேட்டாள். நான் திருநாள் வரவுசெலவுக் கணக்கில் இருந்தேன். குடும்பப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. "அப்படி ஒருவர் நம் பங்கில் இல்லையம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவர் மலைக்குத் திரும்பிவந்து, கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் படுத்திருந்தார். மாத்திரை மழையில் நனைந்து கெட்டுப்போனதாம். மறுபடி கேட்கப் போவதற்கு வெட்கமாம். தபசுகாலத்தில் அவரைக் கீழே தூக்கிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. அடக்கத்துக்காகச் சென்ற நான் அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தேன். விலாசம் என்ற இடத்தில் நம் கோவிலின் பெயர் எழுதியிருந்தது.

அவர் தம்மை நம்மவராக எண்ணியிருந்தார். இல்லையென்று சொன்னவன் நான்.

நல்ல சமாரியன் கதையை எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். காயத்தைக் கட்டியதும், சத்திரத்தில் சேர்த்ததும், இரண்டு பணம் கொடுத்ததும் நமக்கு நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது மேற்கொண்டு ஆன செலவையும் தருவதாக அவன் சத்திரக்காரனிடம் சொல்லிப் போனதை நான் கவனியாமல் விட்டேன். நான் இரண்டு பணம் கொடுத்தேன், திரும்பிப் போகவில்லை. காசநோய்க்கு அந்தத் திரும்பி வருதல்தான் பாதி வைத்தியம்.

5. வீடு தருகிற ஐந்து

ஒரு வீடு நோயாளிக்கு எதைத் தருகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஐந்து காரியம் தெரிகிறது.

முதலாவது, விலாசம். மருந்து வாங்க வராதவரைத் தேடிவர ஓர் இடம் வேண்டும். இரண்டாவது, மாத்திரை நனையாமலும் திருடு போகாமலும் வைக்க ஒரு பெட்டி. மூன்றாவது, சோறு. நான்காவது, "இன்றைக்குச் சாப்பிட்டாயா?" என்று கேட்கிற ஒரு வாய். ஐந்தாவது, கூரை.

இவற்றில் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றில், காசநோயாளிகளுக்கும் சில குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியவை கொடுத்தார்கள். உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாக நோய் வருவது சுமார் நாற்பது சதவீதம் குறைந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் சாவுக்குத் தப்பினது அதிகம். பசித்த வயிற்றில் இந்த நோய் விளையாடுகிறது. அரசாங்கமும் இதை அறிந்து, 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயும் நோயாளிக்கு உணவுக்காகக் கொடுத்துவருகிறது. ஆனால் அந்தப் பணம் வங்கிக் கணக்கின் வழியாக வருகிறது. கணக்கு இல்லாதவனுக்கு யாராவது கூடப்போய்க் கணக்குத் திறந்து கொடுக்கவேண்டும்.

கூரையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு தங்குமிடம் வேண்டுமென்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. அது நகரங்களுக்கு. நம் ஏற்காடு லட்சம் பேர் வாழும் நகரமல்ல. ஆனால் மார்கழி மாதத்து இரவு நகரத்தைவிட இங்கேதான் கொடியது.

லண்டன் பட்டணத்திலும் இதே கஷ்டம் உண்டு. அங்கே 2005 முதல், எக்ஸ்ரே இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வீடற்றவர்கள் தங்கும் இடங்களுக்கே போகிறார்கள். அந்த வேலையில் முன்பு தாங்களே தெருவில் படுத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். தெருவில் படுப்பவன் அவர்களை நம்புகிறான். சளி கொடுக்கவும் மருந்து சாப்பிடவும் இணங்குகிறான்.

6. கேள்வியும் விடையும்

கேள்வி: மருந்து தொடங்கியபின்னும் அவரால் மற்றவருக்குத் தொற்றுமா?
விடை: மருந்து சரியாகப் பலித்தால், தொற்றும் தன்மை சில வாரத்தில் மிகவும் குறைந்துபோகும். அதுவரை முகக்கவசமும் காற்றோட்டமும் வேண்டும். குழந்தைகள் உள்ள அடைத்த அறையில் அவரைப் படுக்கவைக்கலாகாது. எப்போது பயமில்லை என்று வைத்தியர் சொல்லுவார்.

கேள்வி: இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பும் தேறினால் மருந்தை நிறுத்தலாமா?
விடை: கூடாது. எஞ்சிய கிருமி மறுபடி பெருகும். மருந்துக்கு அடங்காத காசமாகவும் மாறலாம். அதற்கு வைத்தியம் கடினம்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவந்து போகிறதே?
விடை: ஒரு மருந்தின் நிறம் அது, பயப்படவேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகி, ஓயாமல் வாந்தி வந்தால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். மருந்து சாப்பிடும் காலத்தில் சாராயம் ஈரலைக் கெடுக்கும்.

கேள்வி: யாரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும்?
விடை: எலும்பும் தோலுமாக மெலிந்தவரை, மூச்சு வாங்குகிறவரை, பிடிமானமில்லாமல் நிற்கமுடியாதவரை, கால் வீங்கியவரை. இப்படிப்பட்டவர்களை முதல் நாளிலேயே கண்டறிந்து படுக்கையில் சேர்க்கும் திட்டத்தை நம் மாநில அரசாங்கம் 2022 முதல் நடத்திவருகிறது. தாழ்வாரத்தில் கிடப்பவரிடம் இந்த அடையாளங்களைக் கண்டால், பஸ் சத்தம் கொடுத்து அனுப்பாமல் கூடவே போங்கள்.

கேள்வி: பறிப்பு முடிந்து கூலிக்காரர் ஊருக்குப் போய்விட்டால்?
விடை: அவருடைய பதிவை அவருடைய ஊருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். போகுமுன் சொல்லவேண்டும். ஆகையால் தோட்ட முதலாளிகளே, கங்காணிகளே, இருமுகிறவனை வேலையை விட்டு நிறுத்தாதேயுங்கள். நிறுத்தினால் அடுத்தவன் இருமலை மறைப்பான். லைன் வீடு முழுவதும் அதை வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: மருந்து கொடுத்துக் கவனிக்க நர்சுப் படிப்பு வேண்டுமா?
விடை: வேண்டாம். சுகாதார ஊழியர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் பார்த்துக் கொடுத்து, அட்டையில் குறிக்கத் தெரிந்தால் போதும்.

7. நாம் செய்யப்போவது

இனி ஞாயிறு விண்ணப்பத்துக்கு என் பதில்.

கோவில் முகப்பிலிருந்து யாரையும் விரட்டப்போவதில்லை. இந்த வாரமே நான் கூடப்போய், இருமுகிறவர்களுக்குப் பரிசோதனை செய்விக்கிறேன். வைத்தியர் காசம் என்று சொல்லும் எவருக்கும், வீடு இல்லாவிட்டால், நம் கோவிலே விலாசம். பங்கு இல்லத்துத் தொலைபேசி எண்ணைத் தாராளமாகக் கொடுக்கலாம். அங்கே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். குடும்பப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களின் பெயர் அதில் இருக்கும். இனி யார் கேட்டாலும், அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்த பிறகே பதில் சொல்லுவோம். மாத்திரைப் பெட்டியும் அங்கேயே இருக்கும். பெயர்கள் அந்த அறையை விட்டு வெளியே போகா.

மற்ற மூன்றுக்கும் நீங்கள் வேண்டும். தினமும் ஒரு வேளை சோறும், ஒரு முட்டையும், கொஞ்சம் பருப்பும், சுண்டலும் தர ஏழு குடும்பங்கள், வாரத்தில் நாளுக்கு ஒன்றாக. காலைப் பூசைக்கு வருபவர்களில், மாத்திரை கொடுத்து அட்டையில் குறிக்க இருவர். ஒருவர் வெளியூர் போனாலும் மற்றவர் இருப்பார். காற்றோட்டமுள்ள, சும்மா கிடக்கும் ஒரு லைன் அறை அல்லது காப்பிக் கொட்டகை, தரக்கூடிய ஒரு தோட்டக்காரர். ஆறு மாதத்துக்கு மட்டுமே கேட்கிறேன். அங்கே யாரை எப்பொழுது தங்கவைப்பது என்பதை வைத்தியர் சொல்லுகிறபடியே செய்வோம்.

சம்மதமுள்ளவர்கள் வருகிற ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். இன்னும் பயமாயிருக்கிறவர்களும் வாருங்கள். சுகாதார ஊழியரை அழைத்திருக்கிறேன். உங்கள் கேள்விகளை அவரிடமே கேட்கலாம். ஏழு குடும்பம் சேராவிட்டால் சேருகிற மூன்றோடு தொடங்குவோம். மிச்ச நாளுக்கு என் சமையலறை இருக்கிறது.

சேசுநாதர்சுவாமியும் தலைசாய்க்க இடமில்லாதிருந்தவர். அவரை எந்த விலாசத்தில் தேடுவது என்று இனி நாம் கேட்கவேண்டியதில்லை.

உங்கள் ஊழியன்,
பங்குக் குரு